ஊன்றுகோலும் அதன் உறவுச் சொற்களும்: கேள்வி பதில்

கைத்தடி, ஊன்றுகோல், தண்டு என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நான் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். முழங்கால் வலியால் இரண்டு ஆண்டுகளாகக் கோலூன்றி நடக்கிறேன். அதனால் சொல்லைப் பற்றியும் பொருளைப் பற்றியும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, கைத்தடியும் ஊன்றுகோலும் ஒன்றுதானே?

பொருள் ஒன்றுதான், ஆனால் இரண்டு சொற்களும் அதை ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. கைத்தடி என்றால் கையில் இருக்கும் தடி, அவ்வளவுதான். அதைச் சுழற்றிக்கொண்டும் நடக்கலாம். ஊன்றுகோல் என்றால் உடம்பின் பாரம் அதன்மேல் இறங்குகிறது. நாற்றை ஊன்றுகிறோம், கால் ஊன்றி நிற்கிறோம், மரம் வேரூன்றியது என்கிறோம், பாடத்தை ஊன்றிப் படி என்கிறோம். எல்லாவற்றிலும் இருப்பது உறுதியாகப் பதிதல். முதுமையையோ நோயையோ அந்தச் சொல் பேசவே இல்லை. எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

கேள்வி: ஊன்றுகோலா, ஊன்றுக்கோலா? குறளில் 'ஊற்றுக்கோல்' என்று க் வருகிறதே?

ஊன்றுகோல்தான் சரி. ஊன்றிய, ஊன்றுகின்ற, ஊன்றும் கோல் என்று முக்காலத்துக்கும் விரிவதால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எழுதுகோல், நெம்புகோல், தூண்டுகோல் எல்லாம் அப்படித்தான்.

குறளில் வருவது வேறு வடிவம். 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்க முடையார்வாய்ச் சொல்' (415). ஊற்று என்பது இங்கே 'ஊன்றுதல்' என்ற பெயர்ச்சொல். அது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்து ஈற்றில் குறுகி ஒலிக்கும் உகரம்; ஆகவே க் மிகும். வழுக்கும் இடத்தில் கோல் எப்படியோ, அப்படி ஒழுக்கமுள்ளவர் சொல் என்கிறது குறள். அதற்கு முந்தைய குறளிலும் 'ஊற்றாந் துணை' என்று அதே ஊற்று வருகிறது.

கேள்வி: சங்கப் பாட்டில் முதியவர் கையில் கோல் உண்டா?

உண்டு, தம்பி. புறநானூறு 243ஆம் பாட்டைப் படியுங்கள். பேசுபவர் ஒரு கிழவர். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, பெண்களோடு கைகோத்து ஆடியது, நீரோரம் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது, எல்லாம் அவருக்கு நினைவு வருகிறது. இப்போது அவர் நிலை 'தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி நடுக்குற்று, இருமிடை மிடைந்த சிலசொல்'. தலைப்பக்கம் பூண், அதாவது வளையம், பிடித்த தண்டு, நடுங்கும் உடம்பு, இருமலுக்கு நடுவே சில சொற்கள். அன்று மணலை அள்ளிய கைதான் இன்று அந்தப் பூணைப் பற்றியிருக்கிறது. இவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தொடராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் ஆகிவிட்டார். ஒரு கைத்தடியே புலவருக்குப் பெயராக நின்றிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கேள்வி: செங்கோல் சிவப்பு நிறமா?

இல்லை. செம்மை என்பதற்கு நேர்மை, கோணாமை என்றும் பொருள். நேரான கோல் செங்கோல். 'கொடு' என்றால் வளைவு, ஆகவே வளைந்த கோல் கொடுங்கோல். ஆட்சி கோணினால் கோலும் கோணியதாகச் சொன்னார்கள்.

கேள்வி: தண்டனை, தண்டபாணி, தண்டல்காரன் எல்லாம் தண்டிலிருந்து வந்தவையா?

முதல் இரண்டும் கோலைக் குறிக்கும் தண்டம் என்ற வடசொல்வழி வந்தவை. தண்டல்காரன் வேறு. தண்டுதல் என்றால் வரி வசூலித்தல். 'தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்' என்ற பழமொழியில் தடி ஏற்கெனவே இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

கேள்வி: அம்மாவுக்கு வலது முழங்காலில் வலி. கோலை எந்தக் கையில் பிடிக்கச் சொல்வது?

இடது கையில், அம்மா. பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள்; நானும் முதல் மாதம் அப்படித்தான் பிடித்தேன். இடது கைக் கோலும் வலது காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும். அப்போதுதான் வலிக்கிற காலின் பாரம் குறையும். உயரம் பார்க்க, வழக்கமான செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள்; பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் வலிக்கிற காலும் முதலில்.

இன்னொன்று, கோலின் அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். என்னுடையதில் வரிப்பள்ளங்கள் மழுங்கி, ஒரு ஓரம் கண்ணாடிபோல் வழவழவென்று ஆகியிருந்தது. ஈரத்தரையில் சர்ரென்று வழுக்கிய பிறகுதான் கவனித்தேன். குறள் சொன்ன 'இழுக்கல்' எனக்கு அன்றைக்குத்தான் உடம்பில் புரிந்தது. தேய்ந்த ரப்பரை உடனே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பார்வையற்றோர் கையிலுள்ள வெள்ளைக் கோலையும் ஊன்றுகோல் எனலாமா?

வேண்டாம். அதன்மேல் யாரும் பாரம் இறக்குவதில்லை. அது தரையைத் தடவி வழி அறியும் கோல். வெண்கோல் என்ற பெயர் பொருத்தம். அக்டோபர் 15 வெண்கோல் நாள்.

கேள்வி: 'நீதான் எனக்கு ஊன்றுகோல்' என்பதற்கு வேறு சொல் உண்டா?

பற்றுக்கோடு. கோடு என்றால் மரக்கிளை, பற்றிக்கொள்ளும் கிளை. கொடி படர நடுவது கொழுகொம்பு. விழாமல் தாங்குவதைச் சொல்ல ஊன்றுகோல், வளரத் துணை நிற்பதைச் சொல்ல கொழுகொம்பு என்று நான் எழுதுவேன். பிள்ளைக்கு நீங்கள் கொழுகொம்பு, உங்களுக்குப் பிள்ளை ஊன்றுகோல்.