கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறார் என் பாட்டி, வயது 82. அவர் கால் பலத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா?

தாராளமாக முடியும். முதியவர்களுக்கு வீட்டுக்கே போய் பிசியோதெரபி செய்கிறேன். ஒரு நாற்காலி, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், அளக்கும் டேப் ஒன்று போதும்.

வழக்கமான சோதனைக்குச் சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுவார்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ண வேண்டும். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யின் அட்டவணைப்படி, 80 முதல் 84 வயதுப் பெண் 9 முறைக்குக் குறைவாக எழுந்தால் கீழே விழும் அபாயம் அதிகம். கையை ஊன்றிவிட்டால் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தை நான் ஏற்பதில்லை. கையை லேசாக ஊன்றி எழுபவருக்கும், இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியவருக்கும் அதே பூஜ்யம்தான். பயிற்சி செய்து கொஞ்சம் தேறினாலும் அது தெரியவே தெரியாது. அதனால் உயரத்தை மாற்றுங்கள். இருக்கையில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு (தலையணை வேண்டாம், அமுங்கிவிடும்), கை ஊன்றாமல் எழ முடிகிற மிகக் குறைந்த உயரம் எது என்று அளந்து எழுதி வையுங்கள். அந்த உயரம் குறையக் குறைய, பலம் கூடுகிறது என்று அர்த்தம்.

எண்ணிக்கையோடு அவர் எழும் விதத்தையும் கவனியுங்கள். முழங்கால்கள் உள்பக்கமாக ஒட்டிக்கொள்கின்றனவா? உட்காரும்போது பொத்தென்று விழுகிறாரா? மெல்ல இறங்கி உட்காரவும் தொடைத் தசைக்குப் பலம் வேண்டும்.

பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். மார்வலி, தலைசுற்றல், சமீபத்திய எலும்பு முறிவு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

கிளினிக்கில் டைனமோமீட்டர் (தசையின் விசையை அளக்கும் கருவி) வைத்து, முழங்காலை நீட்டச் சொல்லி அளப்பார்கள். அதைப் பெல்ட்டால் கட்டி அளப்பது நல்லது. கையால் பிடித்தால், அளப்பவரின் பலமும் கணக்கில் கலந்துவிடும்.

‘இந்த வயதில் அளந்து என்ன ஆகப்போகிறது’ என்று வீட்டில் யாராவது சொல்லலாம். 1990இல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய தளர்ந்த 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேருக்கும் சேர்த்துக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்கள் பாட்டிக்கு 82தான்.

அப்புறம், மறுபடி அளக்கும்போது அதே நாற்காலி, அதே நேரம், முன்பு வெறுங்காலோடு என்றால் இப்போதும் வெறுங்கால். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.