எழுத்துக் குழுவில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வைக்கும் விளையாட்டுகள் எவை?

நீங்கள் கேட்டது இதுதான்: "இணையத்தில் ஒரு சின்ன எழுத்துக் குழு நடத்துகிறேன். எல்லோரும் தங்கள் கதையையும் கவிதையையும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அடுத்தவர் எழுதியதைத் தொடுவதே இல்லை. விளையாட்டு, போட்டி என்று ஏதாவது வைத்தால் மாறுமா?"

மாறும். ஆனால் எந்த விளையாட்டு என்பதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஏழு வருடமாக நாற்பது பேருக்குள் ஒரு வாட்ஸப் குழுவை நடத்திவருகிறேன். அதில் நான் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. முன்னால் எழுதியவரைப் படிக்காமலே ஆடிவிடலாம் என்றால் அந்த விளையாட்டு எங்களுக்கு வேண்டாம்.

இது எனக்கு ஒரு கசப்பில் இருந்து வந்தது. ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் சிலர் ஓர் இணையதளம் நடத்திய சிறுகதைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். வாக்கு எண்ணிக்கைதான் முடிவு. எங்களில் ஒரு கல்லூரிப் பெண் தன் பாட்டியின் கடைசி நாட்களை வைத்து ஒரு கதை எழுதியிருந்தாள். இன்றும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. கடைசி நாள் வரை எங்கள் குழுவில் எல்லோரும் செய்தது ஒரே வேலை: சொந்தக்காரர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் சுட்டி அனுப்பி வாக்குக் கேட்டது. வாக்குப் போட்டவர்கள் கதையைத் திறந்தார்களா என்றே தெரியாது. எங்கள் குழுவிலேயே அந்தப் பெண்ணின் கதையை முழுதாகப் படித்தவர்கள் மூன்று பேர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் குழுவில் வாக்கும் கிடையாது, முதல் பரிசும் கிடையாது.

சரி, என்னதான் செய்கிறோம்?

எங்கள் குழுவின் முதுகெலும்பு ஈற்றடி. கடைசி அடியைக் கொடுத்து மீதியைப் பாடச் சொல்வது நம்மிடம் பழைய வழக்கம். செருப்பு என்று தொடங்கி விளக்குமாறு என்று முடித்து முருகனைப் பாடு என்று காளமேகத்தைக் கேட்டார்களாம். செரு என்றால் போர், அதில் புகுந்த வீரர் என்று பிரித்துத் தொடங்கி, விளக்கும்படி என்ற பொருளில் விளக்குமாறு என்று அவர் முடித்ததாகத் தனிப்பாடல் மரபில் சொல்வார்கள். இருவர் ஆடும் ஆட்டம் அது. கேட்பவரின் குறும்பு பாதி, பாடுபவரின் திறமை பாதி.

நாங்கள் அதைக் குறள் வெண்பாவுக்குச் சுருக்கிக்கொண்டோம். இரண்டு அடி, ஏழு சீர். சீர் என்பது அடியைப் பிரித்தால் வரும் ஒரு துண்டு. வெள்ளிக்கிழமை இரவு கடைசி மூன்று சீரை நான் போடுவேன். ஞாயிறு இரவுக்குள் முதல் நான்கு சீரை எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வாரம் கொடுத்த ஈற்றடி, "தெருவெல்லாம் ஈரத் தடம்". அந்த வாரம் வந்தவற்றில் இரண்டு:

பையெறிந்து பாயும் பசங்களின் கூட்டம்
தெருவெல்லாம் ஈரத் தடம்

ஊர்விட்டுப் போன உழவரின் வண்டி
தெருவெல்லாம் ஈரத் தடம்

அதே மூன்று சீர். ஒன்றில் பள்ளி விட்டு மழையில் ஓடும் பிள்ளைகள், இன்னொன்றில் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் குடும்பம். இந்த வித்தியாசத்தைப் பார்க்கிற ஆசையில்தான் எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கிறார்கள். தான் எழுதிய அதே அடிக்கு இன்னொருவர் என்ன செய்திருக்கிறார் என்ற ஆவல் வேறு எதிலும் இவ்வளவு வருவதில்லை.

முதல் குறள் சேலத்தில் இருக்கும் ஓர் அக்கா எழுதியது. அதற்கு முன் செய்யுள் பக்கமே போகாதவர். அவர் முதலில் அனுப்பியது "பசங்களின் கூட்டத்தால்" என்று. சீர் அசைகளால் ஆனது: தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரை. இரண்டு அசையில் நேரில் முடியும் சீர் மா, நிரையில் முடிவது விளம், மூன்று அசையில் நேரில் முடிவது காய். ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதம்தான் தளை. வெண்பாவில் மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் வர வேண்டும். கூட்டத்தால் என்பது காய்ச்சீர், அடுத்து வரும் தெருவெல்லாம் நிரையில் தொடங்குகிறது, தளை தட்டிவிட்டது. குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், "கடைசியில இருக்கிற அந்த 'தால்' வேண்டாம்மா. கூட்டம்னு நிறுத்திப் பாருங்க" என்றார். அக்கா நிறுத்திப் பார்த்தார். தளை சரியானது மட்டும் இல்லை, இதனால் இது என்று விளக்கிக்கொண்டிருந்த வரி ஒரு காட்சியாக மாறிவிட்டது. "ஐயா, இலக்கணம் சரி பண்ணச் சொன்னீங்க, கவிதையே சரியாயிடுச்சு" என்று எழுதினார். இலக்கணம் கடினம், ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். விதி இருப்பதால்தான் திருத்த இடம் கிடைக்கிறது, திருத்துவதால்தான் பேச்சு வளர்கிறது. "அருமை", "சூப்பர்" என்பதைத் தாண்டி ஒருவருடைய எழுத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு வழி கிடைத்தது இப்படித்தான்.

அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. செய்யுளை ஒட்டினால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். தொடக்கத்தில் எங்களுக்குப் பெரிய துணை. இப்போது ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்: குழுவில் ஒருவராவது பார்த்துச் சொன்ன பிறகுதான் அதில் போட்டுப் பார்ப்பது.

அடுத்து நிரோட்டகம். உதடு ஒட்டாமலும் குவியாமலும் உச்சரிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் வைத்து எழுதுவது. ப, ம, வ வரிசை கூடாது, உ, ஊ, ஒ, ஓ, ஔ ஒலியும் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் இதை அந்தாதியோடும் (ஒரு பாடல் முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்குவது) யமகத்தோடும் (ஒரே எழுத்துத் தொடர் வேறு வேறு பொருளில் திரும்ப வருவது) சேர்த்து, திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். நாங்கள் கேட்டது உரைநடையில் மூன்றே மூன்று வாக்கியம்.

உட்கார்ந்தால்தான் தெரியும் என்ன ஆகிறது என்று. அம்மாவும் அப்பாவும் போய்விடுவார்கள், தாயும் தந்தையும் நிற்பார்கள். தம்பி கிடையாது, தங்கை உண்டு. பாட்டி கிடையாது, தாத்தா உண்டு. ஒருவர் எழுதியது: "தாத்தா திண்ணையில் சாய்ந்தார். கண்ணாடி கையில். நாய் காலடியில்." முதலில் "உட்கார்ந்தார்" என்று போட்டிருந்தார், ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பேர் அந்த உகரத்தைப் பிடித்துவிட்டார்கள். இதைத்தான் சொல்ல வருகிறேன். தப்பு எழுத்து எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறவர் அடுத்தவர் எழுதியதை எழுத்து எழுத்தாகப் படிக்கிறார். வேறு எப்படிக் கேட்டாலும் இவ்வளவு ஊன்றிப் படிக்க மாட்டார்.

அந்த வாரம் துபாயில் இருக்கும் ஒரு தம்பி இன்னொன்றைக் கண்டுபிடித்தான். "அண்ணா, இதுல யாருக்கும் நாளைக்குன்னு ஒண்ணே கிடையாது" என்றான். புரியவில்லை. அப்புறம் விளக்கினான். செய்தான், செய்கிறான் இரண்டும் எழுதலாம். செய்வான், நடப்பான், செய்யும் எதுவும் எழுத முடியாது. இன்றைய உரைநடையில் எதிர்காலம் காட்ட நமக்கு இருக்கும் வ், ப், உம் எல்லாமே உதட்டில் பிறப்பவை. தமிழ் படித்த ஐயாவே அதை அதுவரை அப்படி யோசித்ததில்லை என்றார். அன்று இரவு ஒரு மணி வரை குழுவில் யாரும் தூங்கவில்லை.

மூன்றாவது, உரைநடை அந்தாதி. ஒருவர் எழுதும் குறுங்கதையின் கடைசிச் சொல்லில் அடுத்தவர் தன் கதையைத் தொடங்க வேண்டும். நூறு சொல்லுக்குள். கதை தொடர வேண்டியதில்லை, சொல் மட்டும் தொடர்ந்தால் போதும். இதில் வரிசைதான் தகராறு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிவிடுவார்கள். அதனால் "நான் எடுக்கிறேன்" என்று முதலில் சொல்பவருக்கு 24 மணி நேரம். கனடாவிலும் சிங்கப்பூரிலும் ஆட்கள் இருப்பதால் அதற்குக் குறைத்தால் சரிவராது.

ஆளுக்கு ஓர் அத்தியாயமாக ஒரே தொடர்கதை எழுதுவதையும் பலர் சொல்வார்கள். நாங்கள் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் நடுவில் நின்றது. ஒவ்வொருவரும் தன் முறையில் ஒரு திடீர்த் திருப்பத்தைப் போட்டு, முன்னவர் பொறுமையாக வளர்த்த பாத்திரத்தைச் சாகடித்துவிடுகிறார். மனத்தாங்கல்தான் மிச்சம். எப்படியும் ஆசை இருந்தால், நான்காவது அத்தியாயத்துக்குப் பிறகு புதுப் பாத்திரம் கூடாது என்று ஒரு விதி வையுங்கள்.

நேரம் வைத்து எழுதுவதும் உண்டு. அமெரிக்காவில் 1999இல் 21 பேரோடு தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய நானோரைமோ என்ற நாவல் எழுதும் சவாலில் ஒரு மாதத்தில் 50,000 சொல், அதாவது நாளுக்குச் சுமார் 1,667 சொல் எழுத வேண்டியிருந்தது. அந்த அமைப்பு 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டது, ஆனால் அதில் பழகிய குறுநேர எழுத்து ஓட்டம் இன்னும் எல்லா இடத்திலும் இருக்கிறது. தமிழுக்கு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லில் வருவது நம்மிடம் "போய்க்கொண்டிருந்தவனிடம்" என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும். அந்தச் சொல் கணக்கை அப்படியே வைத்தால் ஆட்கள் களைத்துவிடுவார்கள். நாங்கள் நிமிடத்தைத்தான் எண்ணுகிறோம். ஞாயிறு காலை ஆறரைக்கு இருபது நிமிடம். முடிந்ததும் எல்லாவற்றையும் போட வேண்டாம், பிடித்த ஒரு பத்தி போதும். இருபது பேரின் இருபது பத்தியை யாராலும் படித்துவிட முடியும். இருபது பேரின் மூன்று மூன்று பக்கத்தை முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வழக்கம் இருக்கிறது. உங்கள் குழுவுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நினைத்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் "எடுத்த வரி". அடுத்த வார ஆட்டத்தில் சேர வேண்டுமானால், இந்த வாரம் வேறொருவர் எழுதியதில் இருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு, ஏன் எடுத்தேன் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஏற்கெனவே ஒருவர் எடுத்த வரியை இன்னொருவர் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை முக்கியம். அது இல்லாவிட்டால் எல்லோரும் குழுவின் பெரிய கைகளையே போய்ப் புகழ்வார்கள். அது இருப்பதால், தாமதமாக வருகிறவர் இதுவரை யாரும் தொடாத எழுத்தைத் தேடிப் போகிறார். புதிதாக வந்தவர் எழுதியதும் அப்படித்தான் படிக்கப்படுகிறது. முன்பு சொன்னேனே, எழுதுவதை நிறுத்திவிட்ட பெண், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். தயங்கித் தயங்கி ஒரு குறள் போட்டாள். அதில் இருந்த இரண்டு அடியையும் இரண்டு பேர் எடுத்திருந்தார்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்று யோசிக்காதீர்கள். நாங்கள் ஈற்றடியை ஆறு பேரோடுதான் தொடங்கினோம். முதல் வாரத்துக்கு எங்களுடைய அந்த மூன்று சீரையே போடுங்கள். எதிலும் மாட்டாமல் எழுத ஒரு குறிப்பு: தெருவெல்லாம் நிரையில் தொடங்குவதால் அதற்கு முந்தைய சீரை தேமாவாகவோ (நேர் நேர்) புளிமாவாகவோ (நிரை நேர்) முடிக்கச் சொல்லுங்கள். கூட்டம், வண்டி, மழலை, எதுவானாலும் சரி.