போர் இயல்பென்றால் பறை எதற்கு?

கேள்வி: எங்கள் பாடசாலை விவாத அணியில் 'போர் மனித இயல்பே' என்ற தரப்பில் பேசுகிறேன். புறநானூற்று வீரத்தாய், கலிங்கத்துப்பரணி, முதலாம் உலகப் போர் ஆகியவற்றை ஆதாரமாக வைத்திருக்கிறேன். சண்டை மனிதனோடு பிறந்தது, அதனால்தான் இலக்கியமும் அதைக் கொண்டாடுகிறது என்பது என் வாதம். உங்கள் கருத்து என்ன, ஐயா?
- உயர்தர மாணவன், கோண்டாவில்

பதில்: தம்பி, உமது வாதம் மேடையில் கைதட்டு வாங்கும். ஆனால் அது பிழை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒருவர் அதைச் சொல்வது எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது.

கோபமும் அடிபிடியும் மனித இயல்பு, சரி. ஒரு முழ வேலிக்காக வருடக்கணக்கில் வழக்காடுகிற ஊர் எங்களுடையது. ஆனால் போர் அதுவல்ல. போருக்கு வரி திரட்ட வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், சோறும் ஆயுதமும் கொண்டுபோக வேண்டும், முன்பின் தெரியாத ஒருவனைக் கொல்லப் பழக்க வேண்டும். இத்தனைக்கும் யாரோ சிலர் இருந்து முடிவெடுக்க வேண்டும். முதலாம் உலகப் போரைக் காட்டுகிறீர். தொண்டர்கள் போதாமல் 1916இல் பிரித்தானியா கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. களத்தை விட்டு ஓடியதற்கும் கோழைத்தனத்துக்கும் தன் சொந்தப் படையினரையே நிறுத்திச் சுட்டது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் அரசு மன்னிப்பு வழங்கியது. இயல்பாக வருகிற ஒன்றைச் செய்யவைக்க இவ்வளவு பயமுறுத்தல் எதற்கு? பசித்தவனைச் சாப்பிட வைக்க எந்த நாட்டிலும் சட்டம் போடுவதில்லை.

'இயல்பு' என்று சொல்லிவிட்டால் முடிவெடுத்தவர்கள் எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். என் சண்டை அதனோடுதான்.

புறநானூற்றுக்கு வருவோம். நீர் சொல்வது ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டு. ஏற்கெனவே இரண்டு ஆண்களைக் களத்தில் பறிகொடுத்த வீடு அது. மறுபடியும் பறை கேட்கிறது. மிஞ்சியிருக்கிற ஒரே மகனைக் கூப்பிட்டு, வெள்ளை உடுத்தி, பறட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள் தாய். பாராட்டுப் பாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் தடவுகிற அந்தக் கையைக் கொஞ்சம் நினைத்துப் பாரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அம்மா செய்கிற காரியம் அது. வீரத்தை மட்டும் பாடிவிட்டுப் போயிருக்கலாம். புலவர் அந்த எண்ணெயை விடவில்லை.

அதே தொகுப்பில் 248ஐயும் படியும். பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார், அதே ஊர்ப் பெயர். கணவனை இழந்த ஒருத்தி வெள்ளாம்பலைப் பற்றிச் சொல்கிறாள்: இளமையில் இது எனக்கு உடுத்தும் தழையாக இருந்தது, இப்போது வேளை தப்பிச் சாப்பிடுகிற எனக்கு இதன் அரிசிதான் உணவு. மொத்தம் ஐந்தே வரி. அவன் போரில் இறந்தான் என்று பாட்டில் இல்லை. ஆனாலும் வேலோடு போனவர்களின் வீடுகளில் பிறகு அடுப்பு எப்படி எரிந்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி நான் படித்ததில்லை. எங்கள் மேடைகளில் நான் கேட்டதெல்லாம் 279தான். 248ஐ யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை.

போரின் காரணத்தை அரசனின் முகத்துக்கு நேரே கேட்ட பாட்டும் அதில் உண்டு. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே கதவடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி. இருவருமே சோழர். புலவர் கோவூர் கிழார் நலங்கிள்ளியிடம் சொல்கிறார்: எதிரே நிற்பவன் பனை சூடிய சேரனும் அல்ல, வேம்பு சூடிய பாண்டியனும் அல்ல. உன் தலைமாலையும் ஆத்தி, அவன் தலைமாலையும் ஆத்தி. 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.' இருவரும் வெல்வது நடக்காத காரியம், இந்தப் பகையைப் பார்த்து மற்ற வேந்தர்கள்தான் மகிழ்வார்கள். போர் இயல்பு என்று அவர் நம்பியிருந்தால் வீட்டில் இருந்திருப்பார். இது இரண்டு பேரின் முடிவு, மாற்றச் சொல்லலாம் என்று நினைத்தபடியால்தான் போய்ப் பேசினார்.

கலிங்கத்துப்பரணி உமக்குச் சாதகமான சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். சோழப் படை கலிங்கத்தை வென்றதை, சோழன் முதலாம் குலோத்துங்கனின் அவையில் இருந்த செயங்கொண்டார் பாடியது. தோற்ற கலிங்க வீரர்கள் வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கையாடப் போகிற வழியில் அகப்பட்டுவிட்டோம் என்று கெஞ்சுவதும், தலைமயிரைப் பறித்துவிட்டுச் சமணர் என்று நிற்பதும் அதில் சிரிப்பதற்காக எழுதப்பட்ட இடங்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சோதனைச் சாவடியில் ஊரையும் பெயரையும் மாற்றிச் சொல்லி உயிர் தப்பப் பார்த்தவர்களைக் கண்ட ஊர் இது. வென்றவனின் அவையில் இருந்து பாடினால் பயந்தவன் வேடிக்கைப் பொருளாகிவிடுவான். அது மனித இயல்பைப் பற்றி எதையும் நிரூபிக்காது, பாடியவர் எங்கே இருந்தார் என்பதைத்தான் காட்டுகிறது.

அதே கலிங்கத்தில் அதற்கு ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு மேல் முந்தி இன்னொரு போர் நடந்தது. ஒன்றரை இலட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கு பேர் செத்தார்கள் என்று வென்ற அசோகனே தன் 13ஆவது பாறைக் கல்வெட்டில் வெட்டிவைத்தான். வருந்துகிறேன் என்றும் எழுதினான். ஆனால் கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கல்வெட்டு இல்லை, அதற்குப் பதிலாக வேறு ஆணைகள் இருக்கின்றன. மற்ற இடங்களில் சொன்ன வருத்தத்தை, அடிபட்ட சனத்தின் ஊரில் சொல்லவில்லை.

கிரேக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக இருக்க விரும்பிய மெலோஸ் தீவை கி.மு. 416இல் ஏதென்ஸ் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டு அதே ஏதென்ஸில் யூரிப்பிடிஸ் 'திரோயப் பெண்கள்' நாடகத்தை மேடையேற்றினார். தோற்ற நகரத்துப் பெண்கள், யார் யாருக்கு அடிமையாகப் போகப்போகிறோம் என்று காத்திருக்கும் கதை. இதையும் கொண்டாட்டம் என்பீரா?

இனி எங்கள் கதை. 1995 ஒக்டோபர் 30 பற்றி உமது வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஒரு பக்கம் இராணுவம் முன்னேறி வந்தது, மறுபக்கம் வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். யாழ் நகரும் அதைச் சூழ்ந்த வலிகாமமும் மழையில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தன. செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை சனம். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேலே பிள்ளை. இதில் எது இயல்பு? கொழும்பில் ஒரு முடிவு, இங்கே ஒரு முடிவு. இரண்டுக்குமாகச் சேர்த்து நடந்தது எங்கள் சனம்.

அதற்குச் சரியாக ஐந்து வருடம் முந்தி, 1990இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். நகையும் காசும் வீட்டுச் சாமானும் பறிபோயின. அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கு மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்து முகாம்களிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்கள். 1995ஐப் பற்றி நாங்கள் நிறைய எழுதினோம், அழுதோம். 1990ஐப் பற்றித் தமிழர் நாங்கள் எழுதியது மிகவும் குறைவு. அந்த முடிவை எடுத்தவர்கள் எங்கள் பெயரைச் சொல்லித்தான் எடுத்தார்கள், தம்பி. போர் இயல்பு என்று நீர் மேடையில் சொல்லும்போது அதையும் இயல்பாக்கிவிடுகிறீர்.

சோனகதெருவுக்குத் திரும்பி வந்து குடியிருக்கிற மூத்தவர்கள் இருக்கிறார்கள். கோண்டாவிலிலிருந்து சைக்கிளில் போய்வரக் கூடிய தூரந்தான். விவாதத்துக்கு முதல் ஒரு பின்னேரம் போய், அந்த இரண்டு மணி நேரத்தில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று மரியாதையாகக் கேளும். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பிறகு உமது உரையை எழுதி எனக்கு அனுப்பும். எந்தத் தரப்பில் எழுதினாலும் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.