'ரன்' என்ற சொல்லுக்கு 645 பொருள்: மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். பிரிட்டன் வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். 'ரன்' என்ற ஒரு சொல்லுக்கே 645 பொருள் உண்டு என்று சொல்லி, இதுபோன்ற நூறு சொற்களுக்கு அர்த்தம் போட்ட புத்தகத்தைப் பயிற்சி நிலையத்தில் 4,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இரவுப் பணி முடிந்து வந்து படிக்கிறேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. என்ன செய்யட்டும்?
*– வாசகி, திருநெல்வேலி*

பதில்: முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். உங்கள் நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லை.

645 என்ற எண் உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி அந்த வினைச்சொல்லுக்கு அத்தனை பொருள் காட்டுகிறது. ஆனால் பல நூற்றாண்டுகளில் வழங்கி மறைந்த பொருள்களும் அதில் சேர்த்தி. அகராதிக்காரர்கள் பதிவுக்காகத் தொகுத்ததை, தேர்வுக்குப் படிக்கிறவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.

தமிழில் 'அடி' என்ற சொல்லைப் பாருங்கள். வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, வெள்ளை அடிக்கிறார்கள், காய்ச்சல் அடிக்கிறது. இதற்கெல்லாம் யாராவது உங்களுக்குப் பட்டியல் கொடுத்தார்களா? பக்கத்தில் நிற்கும் சொல்தான் பொருளைச் சொல்கிறது. நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது, ஆங்கிலேயருக்கு அது ஓடுகிறது: 'ரன்னிங் எ டெம்பரேச்சர்'. மூக்கு ஒழுகினாலும் ரன், பரிசோதனை செய்தாலும் ரன், மாத்திரை தீர்ந்துபோனாலும் 'ரன் அவுட்'. சர்க்கரை நோய் பரம்பரையாக வந்தால் 'ரன்ஸ் இன் த ஃபேமிலி'. ஒரு நோயாளி கூச்சத்தோடு 'ஐ ஹேவ் த ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு. வார்டில் உங்கள் காதில் விழக்கூடியவை இருபதைத் தாண்டாது. சொல்லைத் தனியாக எழுதாமல் முழுத் தொடராக நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும்: 'ரன் டவுன்'. இதில் அடுத்த சொல்லைப் பார்த்தாலும் போதாது, முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். 'ஐ ஃபீல் ரன் டவுன்' என்றால் உடம்பு தளர்ந்து, சத்தெல்லாம் வடிந்தது போல இருக்கிறது என்று பொருள். 'வாஸ் ரன் டவுன் பை எ கார்' என்றால் கார் மோதிவிட்டது. என்னிடம் படித்த ஒரு பெண், பல வாரங்களாகச் சோர்வாக இருப்பதாகச் சொன்ன நோயாளியைப் பற்றி, தேர்வின் எழுத்துப் பகுதிக்காக எழுதிய பயிற்சிக் கடிதத்தில் 'சாலை விபத்தில் சிக்கியவர்' என்று எழுதியிருந்தார். அவர் கையில் இருந்த பட்டியலில் அந்தப் பொருள்தான் முதலில் இருந்தது! முன்னால் 'ஃபீல்' வந்தால் சோர்வு. பின்னால் 'பை' வந்து ஒரு வண்டியும் வந்தால் விபத்து. வீட்டைப் பற்றிய பேச்சில் வந்தால் பராமரிப்பில்லாமல் சீர்கெட்ட வீடு. மூன்றையும் மூன்று தனித் தொடர்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு என்ன கேட்கிறது என்பதையும் பாருங்கள். கேட்டல் பகுதியில் மொத்தம் 42 கேள்விகள். அவற்றில் 24, நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பில் விடுபட்டதை நிரப்புவது. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். காதில் விழுந்ததை எழுத வேண்டும், அர்த்தம் எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை. தினமும் அரைமணி நேரம் பிரிட்டன் நோயாளிகளின் பேச்சைக் கேளுங்கள். அது எந்தப் புத்தகத்தையும்விட உதவும்.

இந்த நிலையங்களைப் பற்றி நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. நான்கு ஆண்டு நர்சிங் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்துகிறோம். ஆனால் நோயாளி பேசும் ஆங்கிலத்தை ஒரு மணி நேரம்கூடக் கேட்கவைக்காமல் பட்டம் கொடுத்து அனுப்புகிறோம். கல்லூரிகள் விட்ட அந்த இடத்தில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். முதலில் புத்தகம், அடுத்து 'உறுதியான மதிப்பெண்' என்ற பேச்சு, கடைசியில் 'கேள்வித்தாள் எங்களிடம் இருக்கிறது' என்ற ரகசியம். அதற்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். மதிப்பெண்ணை வேலை கொடுப்பவர் இணையத்திலேயே சரிபார்த்துவிடுவார். போலி என்று தெரிந்தால் உங்கள் பிழைப்பே போகும். பிரிட்டன் செவிலியர் மன்றம் கேட்பது எழுத்தில் 'சி பிளஸ்', கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 'பி'. இது உழைத்து எட்டக்கூடிய தரம்தான். அந்த நிலையமே வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லி உங்களிடம் கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள். வேலை தேடுபவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று பிரிட்டன் அரசின் நடைமுறை விதியே சொல்கிறது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். அசல் சான்றிதழ் எதையாவது அவர்களிடம் கொடுத்து வைத்திருந்தால், பணம் வருகிறதோ இல்லையோ, அதை நாளைக்கே கையில் வாங்கிவிடுங்கள்.