பெண்களும் ஸ்காட்லாந்துக்காரர் அல்லாதவர்களும் கில்ட் அணியலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு ஐயங்களை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார். ஸ்காட்லாந்தில் வேர் இல்லாத ஒருவர் கில்ட் (இடுப்பிலிருந்து முழங்கால்வரை சுற்றிக் கட்டும், மடிப்புகள் வைத்த கட்டம்போட்ட கம்பளி உடை) அணிந்தால் அது அந்த மக்களை அவமதிப்பதாகுமா என்பது ஒன்று. ஆண்களுக்கென்று வழங்கிவரும் உடையைப் பெண்கள் அணியலாமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் என் பதில் ‘தாராளமாக அணியலாம்’ என்பதுதான். ஆயினும் இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

நான் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வந்த இரண்டாம் ஆண்டில், உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தம் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். தோழர்கள் அனைவரும் கில்ட்டில் வரவேண்டும் என்பது ஏற்பாடு. வாடகைக் கடையின் உடைமாற்றும் அறையில் நானாகவே அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பெருமையோடு வெளியே வந்தேன். புடவை கட்டும் வீட்டில் வளர்ந்தவனுக்குக் கொசுவம் என்றால் முன்பக்கம்தானே! கடைக்காரப் பெண்மணி ஒரு சொல்லும் பேசாமல் என் தோளைப் பிடித்து நிறுத்தி, பட்டைகளைக் கழற்றி, முழு உடையையும் பின்பக்கமாகத் திருப்பினார். கில்ட்டின் மடிப்புகள் முதுகுப் பக்கம் விழவேண்டும். முன்னால் வருவது மடிப்பே இல்லாத, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு தட்டையான முகப்புகள். குலத்துக்கு ஒன்று என்று சொல்லப்படும் டார்ட்டன் என்ற வண்ணக் கட்ட நெசவுகளில் எதை அணிய எனக்கு உரிமை இருக்கிறது என்று தயங்கிக் கேட்டேன். வாடகையைக் கொடுப்பவருக்கு எல்லாவற்றிலும் உரிமை உண்டு என்றார் அவர். வேடிக்கையாகச் சொன்னாலும், வரலாறு ஏறக்குறைய அவர் பக்கமே நிற்கிறது.

கில்ட் ‘ஸ்காட்லாந்துக்காரர்களின்’ உடையாகப் பிறக்கவில்லை. அது வடமேற்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் கேலிக் மொழி பேசிய மக்களின் உடை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நமக்குத் தெரியவரும் அதன் பழைய வடிவம் தைக்கப்படாத நீளமான கம்பளித் துணி. அதை மடித்து இடுப்பில் வார்ப்பட்டையால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். ‘கில்ட்’ என்ற சொல்லோ கேலிக் சொல்லே அன்று. உடையை மேலே தூக்கிச் செருகுவதைக் குறிக்கும் ஸ்காண்டிநேவிய வேரிலிருந்து வந்தது. மடித்துக் கட்டுவது என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் நிற்கும் சொல். இன்றுள்ள குட்டையான வடிவத்தை ஹைலேண்ட்ஸில் இரும்பு உருக்காலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர்தான் தம் தொழிலாளர்களின் வசதிக்காக உருவாக்கினார் என்று 18ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்று கூறுகிறது. ஸ்காட்லாந்தில் பலர் இதைக் கடுமையாக மறுக்கிறார்கள் என்பதால், கல்யாண விருந்தில் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வம்ச வாரிசின் ஆதரவாளர்கள் தோற்றபின், லண்டன் நாடாளுமன்றம் இந்த உடையைத் தடைசெய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை ஏழாண்டு நாடுகடத்தல். அரசரின் படையில் சேர்ந்த ஹைலேண்டர்களுக்கு மட்டும் விலக்கு. தங்கள் சொந்த ஊரில் குற்றமாக இருந்த உடை, அரசரின் சீருடையாக இருந்தால் கௌரவம் என்ற விசித்திர நிலை 1782 வரை, 36 ஆண்டுகள் நீடித்தது.

எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற தாழ்நிலப் பகுதியினர் அக்காலத்தில் கில்ட்டைத் திருடர்களின் உடை என்றே ஏளனம் செய்தார்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் அரசர் எடின்பரோ வந்தபோதுதான் கதை மாறியது. வரவேற்பு ஏற்பாடுகளைக் கவனித்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஊரையே டார்ட்டனால் போர்த்தினார். ஜெர்மானிய வம்சத்தில் வந்த பருத்த அரசர் இளஞ்சிவப்புக் காலுறையின் மேல் கில்ட் கட்டி நின்றார். அவரோடு வந்த லண்டன் முன்னாள் மேயர் வில்லியம் கர்டிஸும் அதே கோலத்தில் தோன்றி, கேலிச்சித்திரக்காரர்களுக்கு விருந்தானார். தாழ்நிலத்து வழக்கறிஞர்களும் வணிகர்களும் அதன்பிறகே இதைத் தங்கள் உடையாக ஏற்றுக்கொண்டார்கள். அதாவது, இன்றைய ஸ்காட்லாந்துக்காரர்களில் பெரும்பகுதியினரின் முன்னோர்களும் ஒருகாலத்தில் இந்த உடைக்கு வெளியாட்கள்தாம்.

குலத்துக்கொரு டார்ட்டன் என்ற நம்பிக்கையும் அவ்வளவு பழையதன்று. எங்கள் ஊருக்கு அடுத்திருக்கும் பானக்பர்னில் இயங்கிய வில்சன் குடும்பத்தின் நெசவாலை, தன் கட்டங்களில் பலவற்றுக்கு வெறும் எண்களையே இட்டு விற்றது. குலப்பெயர்கள் பின்னர் ஒட்டிக்கொண்டன. 1842இல் பழஞ்சுவடியின் பதிப்பு என்று சொல்லி வெளியிடப்பட்டு, குல டார்ட்டன்கள் பலவற்றுக்கு ஆதாரமாகிவிட்ட நூல் பிற்காலத்தில் மோசடி என்று தெளிவானது. ஆயினும் அந்தக் கட்டங்களின்மேல் மக்கள் வைத்திருக்கும் பற்று உண்மையானது; அதை மதிக்கத்தான் வேண்டும். 2009 முதல் ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேடு இயங்குகிறது. சிங் என்ற பெயரிலும் அதில் டார்ட்டன் உண்டு. எந்தக் குலத்தையும் சாராமல் அணிய விரும்புவோருக்கு பிளாக் வாட்ச் போன்ற பொதுக் கட்டங்களும், கிளாஸ்கோ போன்ற ஊர்ப்பெயர்க் கட்டங்களும் இருக்கின்றன.

வெளியாட்கள் தொடக்கூடாதவை சில உண்டு. அவற்றுள் கில்ட் இல்லை. பால்மோரல் டார்ட்டன் அரச குடும்பத்துக்கும் அரசரின் பைப் (காற்றுப்பை இணைத்த குழல்) இசைக்கலைஞருக்கும் மட்டுமே உரியது. தொப்பியில் மூன்று கழுகு இறகுகள் குலத்தலைவரின் அடையாளம்; அழகாக இருக்கிறதே என்று செருகிக்கொள்ளக் கூடாது. பணியாற்றாத படைப்பிரிவின் சின்னத்தைக் குத்திக்கொள்வதும் முறையன்று.

உண்மையில் இங்குள்ளவர்களை எரிச்சலூட்டுவது வேறு. செயற்கை இழைத் துணியில் தைத்த மலிவு கில்ட்டும், சிவப்புப் பொய்முடி ஒட்டிய டார்ட்டன் தொப்பியும் மாட்டிக்கொண்டு, குடித்துவிட்டுத் தெருவில் ஸ்காட்லாந்து உச்சரிப்பைப் பழிக்கும் கூட்டத்தை யாரும் ரசிப்பதில்லை. உள்ளே என்ன அணிந்திருக்கிறாய் என்று கேட்டுத் துணியைத் தூக்கிப் பார்ப்பது இன்னொரு இழிவு. நான் தோழனாக நின்ற திருமணத்திலேயே, விருந்தாளி ஒருவர் பின்னாலிருந்து என் கில்ட்டைத் தூக்கினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதையே ஒரு பெண்ணின் உடைக்குச் செய்திருந்தால் அங்கே யார் சிரித்திருப்பார்கள்?

இனிப் பெண்கள். கில்ட் ஆணின் உடை என்று சொல்பவர்கள் வரலாற்றளவில் பொய் சொல்லவில்லை. 1746ஆம் ஆண்டுச் சட்டமே ‘ஆணோ சிறுவனோ’ அணியக்கூடாது என்றுதான் எழுதியது. ஹைலேண்ட் பெண்களுக்கு அரிசேட் என்ற தனி உடை இருந்தது: கணுக்கால்வரை இறங்கும் வெளிர்நிறத் துணி, இடுப்பில் வார்ப்பட்டை, மார்பில் ஊசிப்பதக்கம். ஆனால் அரிசேட் வழக்கொழிந்துபோக, கில்ட் மேடைக்கும் இசைக்குழுவுக்கும் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஹைலேண்ட் நடனப் போட்டிகளில் பெண்கள் ஆண்களின் முழு உடையோடு ஆடத் தொடங்கினார்கள். அபாய்ன் ஊர் விளையாட்டு விழா 1950களின் தொடக்கத்தில் இதற்குத் தடைபோட்டு, பாவாடையும் மேற்சட்டையும் கொண்ட தனி உடையை வகுத்தது. அந்த உடைக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் பிற ஊர்ப் போட்டிகளில், வாள் நடனம் போன்ற ஹைலேண்ட் நடனங்களுக்குப் பெண்கள் இன்றும் கில்ட்தான் அணிகிறார்கள். முன்னால் தொங்கும் ஸ்போரன் பை மட்டும் இருக்காது.

பைப் இசைக்குழுக்களில் இந்த வேறுபாடும் இல்லை. ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் திடலில் நடக்கும் உலகப் போட்டியைப் பார்த்தால் கேள்வியின் இரு பகுதிகளுக்கும் அங்கேயே விடை கிடைக்கும். 1987இல் கனடாவின் ஒன்டாரியோ குழு ஒன்று அதன் உச்சப் பிரிவில் வென்றது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகக் குழு பின்னர் ஆறு முறை வென்றது. பல குழுக்களில் ஆணும் பெண்ணும் ஒரே கில்ட்டில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

பெண்களுக்கென்று விற்கப்படும் ‘கில்ட் பாவாடை’ வேறு. அது மெல்லிய துணியில் தைக்கப்பட்டு, வழக்கமாக இடப்பக்கம் திறக்கும்; ஆண்களின் கில்ட் வலப்பக்கம் திறக்கும். பாவாடை வேண்டுமானால் அதை வாங்குங்கள். கில்ட் வேண்டுமானால் கில்ட்டையே தைக்கக் கொடுங்கள் என்பது என் கருத்து. முழு கில்ட் ஏறத்தாழ 7 மீட்டர் கனத்த கம்பளி. ஒவ்வொரு மடிப்பும் கட்டத்தின் கோடு பிசகாமல் விழும்படி கையால் தைக்க நாட்கணக்கில் ஆகும். தைப்பவர்களில் பலர் பெண்கள். பெண்ணுக்கு இடுப்புக்கும் அதன் கீழ்ச்சுற்றுக்கும் உள்ள அளவு வேறுபாடு அதிகம் என்பதால் மடிப்பின் மேற்பகுதியைக் கூடுதலாகக் குறுக்கித் தைக்கவேண்டியிருக்கும். ஆகவே ஆணின் அளவில் தைத்த ஆயத்த கில்ட்டை வாங்கிவிடாதீர்கள். நீளம் முழங்காலின் நடுவே முடியவேண்டும்.

என் மகள் எங்கள் ஊர் இளையோர் குழுவில் மேளம் வாசிக்கிறாள். அவள் அணிவது குழுவுக்குச் சொந்தமான கில்ட். ஆள் மாறும்போது பட்டைக் கொளுவிகளை மட்டும் நகர்த்தித் தைத்துக்கொடுப்பார்கள். உள்பக்கத்து வெள்ளைத் துணியில் முன்பு அணிந்த நால்வரின் பெயர்கள் அடித்து எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். போன வாரம் ஐந்தாவதாக அவள் பெயரை நான்தான் மையால் எழுதினேன். அது வலப்பக்கம்தான் திறக்கிறது.