முறுக்கினால்தான் பேசும்: பைக் கேள்வி பதில்

கேள்வி: பழைய கவாசகி நின்ஜா 250ஆர் ஒன்றை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இதுதான் என் முதல் பைக். பார்க்க ரேஸ் பைக் மாதிரி இருக்கிறது, ஓட்டினால் பிக்கப்பே இல்லை. 5,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) தாண்டினாலே இன்ஜின் கத்துகிறது. பயந்துபோய் அடுத்த கியரைப் போட்டுவிடுகிறேன். கோளாறு இன்ஜினிலா, என்னிடமா?

பதில்: ஆர்.பி.எம். மீட்டரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தாண்டக் கூடாத எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு 13,000-ல் தொடங்குகிறது. இந்த இன்ஜின் முழு சக்தியைக் கொடுப்பது 11,000-ல். நீங்கள் 5,000-ல் கியர் மாற்றினால், அது எழுந்து நிற்கும்போதே தோளில் கைவைத்து உட்கார வைத்துவிடுகிறீர்கள்.

250 சி.சி.க்குச் சற்றுக் குறைவான இடம், அதுவும் இரண்டு சிலிண்டருக்குப் பங்கு. ஒவ்வொரு முறையும் எரிகிற பெட்ரோல் கொஞ்சம்தான். பெரிய பைக் வாளியில் மொள்கிறது, உங்களுடையது தம்ளரில். தொட்டி நிறைய வேண்டுமென்றால் தம்ளர் வேகமாகப் போய்வரத்தான் வேண்டும். அந்தப் போக்குவரத்தின் சத்தம்தான் உங்களுக்குக் கத்தலாகக் கேட்கிறது. ஒற்றை சிலிண்டர் ஹோண்டா சிபிஆர் 250ஆர் 8,500-லேயே முழு சக்தியைத் தந்துவிடும். அதை ஓட்டிய நண்பர் சொல்கிற கணக்கு உங்கள் பைக்குக்குப் பொருந்தாது.

நானும் என் முதல் 250-ஐ ஒரு வருடம் உங்களைப் போலவே ஓட்டினேன். ஒரு நாள் புது ஷூ. நுனி தடிமனாக இருந்ததால் கியர் லீவருக்கு அடியில் நுழையவில்லை. காலைத் திணித்துக்கொண்டிருந்த இரண்டு நொடியில் முள் 9,000-ஐத் தாண்டியது. வண்டி என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு வருடமாக வேறு யாருடைய பைக்கையோ ஓட்டியிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். ஆயில் அளவு சரியாக இருக்கட்டும், இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஆளில்லாத நேர்சாலையில் முதல் இரண்டு கியரில் மட்டும் 9,000 வரை விடுங்கள். கீழ் கியர் என்பதால் வேகம் எகிறாது. இன்ஜின் கெடாதா என்று கேட்பீர்கள். சூடேறிய இன்ஜினுக்கு அது வழக்கமான வேலை. ஆறாவது கியரில் ஊர்ந்துகொண்டு முழுசாக முறுக்குகிறோமே, அதுதான் அதற்கு வாதை. 9,000-லும் இழுக்கவில்லையா? அப்போது கோளாறு வண்டியில்தான். உங்களுடையது கார்புரேட்டர் மாடல் என்றால், மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஜெட் (பெட்ரோல் போகிற நுண்துளை) அடைத்திருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: நடக்கிற வேகத்தில் யூ டர்ன் எடுக்கும்போது வண்டியோடு சாய்ந்துவிட்டேன். அடி இல்லை, ஆனால் ஃபேரிங்கில் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையில்) விரிசல். அவமானமாக இருக்கிறது.

பதில்: முன் பிரேக்கைப் பிடித்திருப்பீர்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது மெதுவான வேகத்தில் அதைத் தொட்டால் வண்டி உள்பக்கமாக மடங்கி விழும். எனக்குப் பெட்ரோல் பங்கில் நடந்தது, வரிசையில் பத்துப் பேர் பார்க்க. இந்த வகை பைக்குகளில் ஹேண்டில் அதிகம் திரும்பாது, திரும்ப அகலமான இடம் வேண்டும். ஹாஃப் கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், பின் பிரேக்கில் லேசான கால். பார்வை தரையில் அல்ல, போகப்போகிற திசையில். அப்புறம், 170 கிலோ சாய ஆரம்பித்துவிட்டால் காலைக் கொடுத்துத் தாங்காதீர்கள். விட்டுவிடுங்கள்.

புது ஃபேரிங் இப்போது வாங்க வேண்டாம். விரிசலை ஒட்டவைத்து ஓட்டுங்கள். முதல் வருடத்தில் இன்னொரு முறை விழாது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். கிளட்ச் லீவரும் கியர் லீவரும் வளைந்திருக்கின்றனவா என்பதை மட்டும் இன்றே பாருங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு வலிக்கிறது. ஹேண்டிலை உயர்த்தலாமா?

பதில்: முதலில் முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள். ஹேண்டிலில் தொங்குவதை நிறுத்தினால் முக்கால்வாசி வலி போய்விடும். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். ஒரு மாதம் கழித்தும் வலித்தால் உயர்த்துங்கள்.

கேள்வி: "சின்ன பைக் ஆறு மாதத்தில் சலித்துவிடும், நேராக 600 வாங்கு" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

பதில்: தினமும் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றில் போகிறவர் என்றால், சரி, 250 திணறும். மற்றபடி நான்கு சிலிண்டர் 600 ஸ்போர்ட் பைக்கின் முதல் கியரே 100 கி.மீ. வேகத்தைத் தாண்டும். பள்ளத்தில் குலுங்கி மணிக்கட்டு தெரியாமல் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டால், 250-ல் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். அதில் இருக்காது. சலித்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் எத்தனை ஆர்.பி.எம்.மில் கியர் மாற்றுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டாக வாங்கிய என் 250-ன் டயரில் பட்டன் நிறைய இருக்கிறது. ஓரத்தில் 2311 என்று எண். இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?

பதில்: 2011-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் இருந்தும் பிரயோஜனமில்லை, ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். புது டயரும் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வழுக்கும், வளைவில் அவசரப்பட்டுச் சாய்க்காதீர்கள்.