குறையே இல்லை என்னும் அறிக்கையை நம்பலாமா?

கேள்வி: தமக்குப் பொருள் வழங்கும் இடங்களில் கட்டாய உழைப்பு இல்லை என்று பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. சட்டத்துக்காக எழுதப்படும் இவற்றைப் படித்து நாம் எதையேனும் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: சட்டம் எதைக் கேட்கிறது என்று பார்த்தால் உங்கள் ஐயத்தில் பாதி தெளியும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, அந்நாட்டில் தொழில் நடத்தி, ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் காணும் நிறுவனங்கள் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் இவ்வறிக்கையை வெளியிட வேண்டும் என்றும், அதை இயக்குநர் குழு ஏற்று ஓர் இயக்குநர் கையொப்பமிட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் 'நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பிரிவு நிறைவு பெற்றுவிடும்! 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் வருவாயை வரம்பாகக் கொண்ட ஆஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம், இடர்கள் எங்கே உள்ளன, எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று கூடுதலாகக் கேட்கிறது.

எனவே அறிக்கையின் நீளத்தையோ அதிலுள்ள உறுதிமொழிகளையோ வைத்து அதை எடைபோட இயலாது. தண்டனைக்கு அஞ்சி, விருப்பமின்றிச் செய்யும் வேலையே கட்டாய உழைப்பு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையறுக்கிறது; அந்த அச்சம், வேலைக்குச் சேர முகவரிடம் கட்டிய பணத்துக்காகப் பட்ட கடனிலோ, முதலாளியின் பெட்டியில் பூட்டப்பட்ட கடவுச்சீட்டிலோ இருக்கும். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பொருளைக் கடைசியாக ஒன்றுசேர்க்கும் தொழிற்சாலைக்கு மட்டும் ஒருநாள் சென்று வரும் தணிக்கையாளரின் கண்ணில் இவை எளிதில் படுவதில்லை. மூலப்பொருள் விளையும் வயலுக்கோ சுரங்கத்துக்கோ அவர் போவதே அரிது. உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாக அதே அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2021ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டிருக்க, பல நாடுகளில் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனம் ஒரு குறையையும் காணவில்லை என்றால், அது சரியாகத் தேடவில்லை என்றே நான் கருதுவேன். எத்தனை தொழிலாளர்களுக்கு முகவர் கட்டணம் திருப்பித் தரப்பட்டது, அதை யார் தந்தார்கள் என்று ஒளிக்காமல் எழுதும் அறிக்கையே எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது, படிக்கச் சங்கடமாக இருந்தாலும்.

கனடாவில் 2024 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், அறிக்கை தராதவர்களுக்கும் தெரிந்தே பொய்யுரைப்பவர்களுக்கும் 2,50,000 கனடிய டாலர் வரை அபராதம் விதிக்க வழி செய்துள்ளது. கட்டாய உழைப்பையும் குழந்தை உழைப்பையும் ஒழிக்க எடுத்த நடவடிக்கையால் வருமானம் இழந்த எளிய குடும்பங்களுக்கு என்ன ஈடு செய்தீர்கள் என்றும் அது கேட்கிறது. அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் அந்தப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். குறை எதுவும் காணாத நிறுவனத்துக்கு அங்கே எழுத ஒன்றும் இருக்காது.